இடப்பக்கம் சாஞ்ச கோடு

உக்காருங்ணா, தாராளமா உக்காருங்க. பையை நான் மடியில வெச்சுக்கறேன். எதுவரைக்கும்? பல்லடமா? சரி. நான் கோயமுத்தூருங்க.

கோவமா இருக்கறாப்ல தெரியுதா? இருக்கேனுங்க. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குது. தாராபுரத்துல ஒரு வீட்டுல ஒன்றரை மணி நேரம் உக்காந்து, நடந்ததை நடந்தபடி சொல்லீட்டு வர்றேன். ஒரு டம்ளர் காப்பி குடுத்தாங்க. அந்தக் காப்பி இன்னும் நெஞ்சுலயே நிக்குது. என் மேல தப்பு இல்லைன்னு சொல்லப் போன எடத்துல... இருங்க, மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நீங்களே கேட்டுட்டு ஒரு ஞாயம் சொல்லுங்க.

என்ற பேரு சென்னியப்பன். கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதற வேலை. இருபது வருசமா அதேதான். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ணிக் குடுக்கிற கம்பெனி. சின்னக் கம்பெனிதான், ஆனா நான் சேர்ந்தப்ப மூணே பேரு, இன்னைக்கு நாப்பது பேரு. அந்த மூணு பேர்ல நான் ஒருத்தன். இதை மறந்துறாதீங்க. கம்பெனிக்காரங்க மறந்துட்டாங்க, நீங்களாவது மறக்காதீங்க.

போன தை மாசம் ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்துச்சு. பேரு வேண்டாங்க, இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிதான். பதினஞ்சு வருசமா ஒரு பழைய சாஃப்ட்வேர்ல நோயாளிங்க வெவரமெல்லாம் வெச்சிருந்தாங்க. அதை அப்படியே எடுத்து எங்களோட புதுசுல ஏத்தணும். எம்பத்தாறாயிரம் பேரு. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, ஊரு, ரத்த வகை, என்ன மருந்து ஒத்துக்காது, எல்லாம் அந்த ஒரு வரியில கட்டம் கட்டமா இருக்கும். அந்த வரியைப் படிச்சுப் பிரிக்கிற புரோகிராமை எழுதினது நான்.

இப்ப ஒண்ணு காட்டறேன் பாருங்க. இந்தச் சன்னல் தூசில கோடு போடறேன். இது வலப்பக்கம் சாஞ்ச கோடு. தேதிக்கு நடுவுல போடுவோமில்ல, அது. இதுக்குப் பேரு ஸ்லாஷ். இது இடப்பக்கம் சாஞ்ச கோடு. பேக்ஸ்லாஷ். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு அப்படியில்லீங்க. இந்த இடப்பக்கம் சாஞ்சதைப் பாத்துச்சுன்னா, அடுத்து வர்ற எழுத்தை எழுத்தாப் படிக்காது, கட்டளையாப் படிக்கும். கோட்டுக்குப் பின்னால இங்கிலீஷ் 'என்' வந்தா 'அடுத்த வரிக்குப் போ'ன்னு அர்த்தம். 'டி' வந்தா 'கொஞ்சம் எடம் விட்டுத் தள்ளிப் போ'ன்னு அர்த்தம். கோடும் போயிரும், எழுத்தும் போயிரும், கட்டளை மட்டும் நிக்கும். கோடு கோடாவே வேணும்னா ரெட்டையாப் போடணும்.

ஆனா எல்லா ஃபைலும் அந்த முறையில எழுதினதில்ல. சில பழைய சாஃப்ட்வேருக்கு அது வெறும் கோடு, கட்டளையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அதனால ஒரு ஃபைலைப் படிக்கிறதுக்கு முன்னால அது எந்த ரகம்னு பாத்துக்கணும். இது இந்தத் தொழில்ல மொத வருசமே சொல்லிக் குடுக்கிற பாடம். நானே எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுங்களா?

பாத்தீங்களான்னு கேக்கறீங்க. அதுக்குத்தான் வர்றேன். அதுக்கு முந்தின வருசம் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு இதே வேலை செஞ்சோம். அவங்க ஃபைல்ல கோடெல்லாம் கட்டளையாத்தான் இருந்துச்சு. கோட்டைக் கட்டளையாப் படின்னு புரோகிராம்ல ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். ஒரே வரிங்க. பிரமாதமா ஓடுச்சு. அதை எடுத்து இதுலயும் ஒட்டினேன். ஓடற வரியை எடுத்து ஒட்டறது எங்க தொழில்ல குத்தமில்ல. எல்லாரும் செய்யறதுதான்.

செரி. சோதனை ஓட்டம் விட்டுப் பாத்தோம். எங்க டீம்ல மெஹருன்னிசான்னு ஒரு பொண்ணு. மெஹர்னு கூப்புடுவோம். உடுமலைப் பக்கம், நாலு வருச அனுபவம். அதுதான் மொதல்ல பாத்துச்சு. நோயாளி பேருக்குப் பக்கத்துல கோடு போட்டுத் தகப்பன் பேரோ புருசன் பேரோ இருக்குமில்லீங்க? எல்லாம் இங்கிலீஷ்லதான். அதுல 'என்' போயி நடராஜன் 'அடராஜன்'னு நிக்கறாரு. நாச்சிமுத்து ஆச்சிமுத்து ஆயிட்டாரு. தங்கவேலு ஹங்கவேலு! ஆபீஸே சிரிச்சுச்சு. ஒரு வாரத்துக்கு என்னையே சிலபேரு 'ஹென்னியப்பன் சார்'னாங்க. நானும் சிரிச்சேன். எனக்கும் நகைச்சுவை உண்டுங்க.

என்ன ஆச்சுன்னா, அந்த ஆஸ்பத்திரியில பேரு பதியற எடத்துல இருக்கிற அம்மா, வசந்தாமணின்னு பேரு, அது சரியான கோடு போடறதுக்குப் பதிலா இந்த இடப்பக்கம் சாஞ்ச கோட்டைப் போட்டிருக்குது. அதுவும் எல்லாத்தையும் சின்ன எழுத்துலயே அடிச்சிருக்குது! பெரிய எழுத்து 'என்'னா இந்தப் பிரச்சினையே கெடையாது. பேருக்கு மொத எழுத்துப் பெருசுன்னு அஞ்சாங்கிளாஸ்ல சொல்லித் தரலையா? நீங்களே சொல்லுங்க.

நான் என்ன பண்ணேன்? உக்காந்தேன். நானூத்திப் பன்னெண்டு பேரு. ரெண்டு நாளு, ஒவ்வொண்ணா, கையாலயே திருத்தினேன். அடராஜனை நடராஜன் ஆக்கினேன். எந்த டீம் லீடருங்க அந்த வேலையைத் தானே செய்வான்? யாராவது ஒரு சின்னப்பொண்ணு தலையில கட்டியிருப்பான். நான் கட்டலை.

அப்ப இந்த மெஹர் மீட்டிங்ல சொல்லுது. "சார், பேருல மட்டும் திருத்தினாப் பத்தாதுங்க சார். அந்த வரியையே எடுத்துட்டு மறுபடி ஏத்தலாம். இல்லைன்னா எல்லாக் கட்டத்துலயும் ஒருக்காத் தேடியாவது பாக்கலாம்."

"மெஹர்," ன்னேன், "திங்கக்கெழமை ஆஸ்பத்திரியில புதுசு ஓடணும். அந்த வரி ஏற்கெனவே ஒரு எடத்துல ஓடிட்டு இருக்கிற வரி. நீ எங்கிட்டப் படிச்ச பாடத்தை எனக்கே நடத்தாதே."

கோவமாச் சொல்லலீங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கலை. அது அப்பப்ப அப்படித்தான், மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கும்.

மறுநாள் ஒரு மெயில். பக்கத்து மேசையிலதான் உக்காந்திருக்குது, எந்திரிச்சு வந்து சொல்லலாமில்ல? மெயில் போட்டிருக்குது! படம் எடுத்து, வட்டம் போட்டு, 'ஒவ்வாமை மருந்து எழுதற கட்டத்துலயும் இந்தக் கோடு இருக்க வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து பார்க்கவும்'னு. எல்லாரையும் நகல்ல சேத்திருக்குது. இதுக்கு என்னங்க அர்த்தம்? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் சொன்னேன்னு காட்டறதுக்கு. அன்னைக்கே எனக்கு அந்த எண்ணம் புரிஞ்சு போச்சு.

பதில் போடாம இல்லீங்க. போட்டேன். 'நோட்டட்'னு போட்டேன். பாத்துக்கிட்டேன்னு அர்த்தம்.

திங்கக்கெழமை ஓடுச்சு. அருமையா ஓடுச்சு. ஆஸ்பத்திரியில கேக் வெட்டினாங்க. எனக்குச் சால்வை போத்தினாங்க. அந்த வசந்தாமணி அம்மா கூட வந்து, "ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்குதுங்க சார்"னுச்சு.

ஆடி மாசம். அமலோற்பவம் டீச்சர்னு ஒருத்தங்க, தாராபுரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். நாப்பத்தெட்டு வயசு. மைதானத்துல இந்தக் கோடியில நின்னு கூப்பிட்டாங்கன்னா அந்தக் கோடியில ஓடற புள்ளை நின்னு திரும்புமாம். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுட்டு இருந்தப்ப கால் பெரண்டு விழுந்துட்டாங்க. காலைல பதினோரு மணி. கணுக்கால் இத்தாந்தண்டி வீங்கிருச்சு. அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்தாங்க.

நர்ஸ் கேட்டிருக்குது, "எந்த மருந்தாவது ஒத்துக்காதுங்களா?"

வலியில டீச்சர் சொல்லியிருக்காங்க, "எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதும்மா. போன தடவையே வெவரமாச் சொல்லி எழுதிக்கிட்டாங்க."

நர்ஸ் பாத்துச்சு. பெனிசிலின்னு இருந்துச்சு. அவ்வளவுதான் இருந்துச்சு.

அங்க என்ன இருந்திருக்கணும்னா, பெனிசிலின், ஒரு கோடு, நிமசுலைடு. நிமசுலைடுங்கறது வலி மாத்திரை. வசந்தாமணி அடிச்சது இடப்பக்கம் சாஞ்ச கோடு. அதுக்குப் பின்னால நிமசுலைடோட 'என்'. அடுத்த வரிக்குப் போன்னு கட்டளை. மிச்சம் 'இமசுலைடு'ன்னு ரெண்டாவது வரிக்குப் போயி நின்னுருச்சு. ஸ்க்ரீன்ல அந்தக் கட்டத்துக்கு ஒரு வரிதான் ஒசரம். ரெண்டாவது வரி கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் நிமசுலைடு எழுதறாரு, எங்க சாஃப்ட்வேர் தேடுது, ஒத்துக்காத பட்டியல்ல நிமசுலைடு இருக்குதான்னு. இல்லை. இமசுலைடுதான் இருக்குது. எச்சரிக்கை அடிக்கலை.

மாத்திரை போட்டு இருபது நிமிசம். ஒதடு வீங்கி, நாக்கு வீங்கி, மூச்சு அடைச்சிருச்சு. தொண்டைக்குள்ள கொழாயை விட்டாங்க. ரெண்டு நாள் மெசின்ல மூச்சு. ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. பொழைச்சுட்டாங்க, ஆமாங்க, பொழைச்சுட்டாங்க. கொரலு போயிருச்சு. அந்தக் கொழாய் உள்ள எதையோ காயப்படுத்திருச்சாம். இப்ப காத்துதான் வருது. திரும்பி வரலாம், வராமயும் போலாங்கறாங்க டாக்டருங்க. 

அதுக்கப்பறம் விசாரணை. ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு பக்கம், எங்க கம்பெனி எம்.டி. பிரபாகர் ஒரு பக்கம், நான் நடுவுல. அந்த மெயிலை எடுத்துச் சுவத்துல போட்டாங்க பாருங்க, புரொஜெக்டர்ல. மெஹரோட மெயில் ஒரு பக்கம் நீளத்துக்கு. அதுக்குக் கீழ என்ற பதிலு. 'நோட்டட்'. ரெண்டடி ஒசரத்துக்கு. பத்துப் பேரு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. 

நான் கேட்டேன், "மொதல்ல தப்பான கோட்டை அடிச்சது யாருன்னு கேளுங்க."

வசந்தாமணியைக் கூப்பிட்டாங்க. அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு வந்து நின்னுச்சு. "அந்தச் சாவி வேலை செய்யலைங்க சார். ரெண்டு வருசமாச்சு. அமுக்கினா உள்ளயே மாட்டிக்கும். அதனால இன்னொரு கோடு இருந்துச்சு, அதை அடிச்சேன். ரெண்டும் கோடுதானேன்னு நெனச்சுட்டேன். கீபோர்டு மாத்திக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேனுங்க சார்." மூணு லெட்டரோட நகலும் பையில வெச்சிருந்துச்சுங்க. தேதியோட.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எந்திரிச்சே நின்னுட்டேன். "ஒரு பொம்பளை மூணு தடவை எழுதிக் கேட்டிருக்குது. ஒருத்தராவது அதைப் படிச்சீங்களா? ஒருத்தராவது எந்திரிச்சுப் போயி அந்தக் கீபோர்டைப் பாத்தீங்களா? எழுதறவங்க என்ன வேலையத்துப் போயா எழுதறாங்க? படிச்சவங்கதானே நீங்கெல்லாம்?"ன்னு கத்தினேன்.

 பிரபாகர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. மெஹர் தலையைக் குனிஞ்சுக்குச்சு. நான் சொன்னதுல என்னங்க தப்பு? சொல்லுங்க. நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

செரி விடுங்க. ஒரு வாரத்துல உத்தரவு வந்துச்சு. டீம் லீடர் இனிமே மெஹருன்னிசா. நான் ஆவணம் எழுதற பிரிவுக்கு. இருபது வருசம்! எங்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணுக்குக் கீழ. அது வந்து எங்கிட்டச் சொல்லுது, "சார், நான் கேக்கலைங்க சார் இதை." கேக்காமயா நகல் போட்டுச்சு அத்தனை பேருக்கும்? பேசலைங்க. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. அது தெனமும் காலைல வணக்கம் சொல்லுது. நான் ஸ்க்ரீனைப் பாத்துக்குவேன்.

ஆபீஸ்ல யாருக்கும் எடுத்துச் சொல்லிப் புரிய வெக்க முடியலை. அப்பத்தான் தோணுச்சு, அந்த டீச்சருகிட்டயே போயிச் சொல்லீருவோம்னு. பாதிக்கப்பட்டவங்க அவங்கதானே. அவங்களுக்கு உண்மை தெரியணுமில்ல? ஆஸ்பத்திரிக்காரங்க என்ன கதை சொல்லி வெச்சிருக்காங்களோ. அதனால இன்னைக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு, வந்தேன்.

அவங்க வீட்டுக்காரர் ஜெரால்டுதான் கதவைத் தொறந்தாரு. பேரைச் சொன்னேன், கம்பெனி பேரைச் சொன்னேன். கதவுல வெச்ச கையை எடுக்காம என்னை ஏற எறங்கப் பாத்தாரு. அடிச்சுப்புடுவாரோன்னு நெனச்சேன். உள்ள வாங்கன்னாரு.

டீச்சர் நாற்காலியில உக்காந்திருந்தாங்க, கால்ல கட்டு பிரிச்சாச்சு. கழுத்துல விசில் தொங்குது. வீட்டுலயும் விசில்தாங்க. வீட்டுக்காரரை அடுப்படியில இருந்து கூப்பிடணும்னா ஊதறாங்க. எனக்குக் காப்பி கொண்டாரச் சொன்னதும் அப்படித்தான். ஒரு சின்ன ஊதல்.

நான் பேப்பர் எடுத்தேன். உங்களுக்குக் காட்டுனாப்லயே ரெண்டு கோடும் போட்டுக் காட்டினேன். கட்டளையைச் சொன்னேன். வசந்தாமணி கீபோர்டைச் சொன்னேன். லெட்டருக்குப் பதில் சொல்லாத ஆஸ்பத்திரியைச் சொன்னேன். ஒரு வரி ஒசரத்துக்குக் கட்டம் போட்ட டிசைன்காரனைச் சொன்னேன். நீங்களே அந்த நேரத்துல மருந்து பேரை வாயால சொல்லியிருந்தா இது நடந்திருக்காதுங்களேன்னு அதையும் பதமாச் சொன்னேன். சொல்லத்தானே வேணும், உண்மைன்னா எல்லாத்தையும்.

அவங்க லேட்டா வந்த புள்ளை காரணம் சொல்லும்போது டீச்சருங்க கேப்பாங்க பாருங்க, அப்படிக் கேட்டாங்க. முடிச்சதுக்கப்பறம் முன்னால குனிஞ்சு, காத்தாட்டம் ஒரு கொரல்ல கேட்டாங்க. எனக்குக் காதுல விழலை. வீட்டுக்காரர் சொன்னாரு. "இன்னும் எத்தனை பேருக்கு இப்படி இருக்குதுன்னு கேக்கறா."

அறுபத்தி மூணு பேருங்க. எனக்குத் தெரியும். ஒத்துக்காத மருந்து கட்டத்துல மட்டும் அறுபத்தி மூணு பேருக்கு வரி ஒடைஞ்சிருக்குது. சொன்னேன். "இப்பக் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரி பண்ணியாச்சுங்க டீச்சர்"னும் சொன்னேன்.

அவங்க மறுபடி என்னமோ சொன்னாங்க. "அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சான்னு கேக்கறா. நடுவுல தப்பான மருந்துச் சீட்டு வாங்கி வீட்டுல வெச்சிருந்தா?"

"அது ஆஸ்பத்திரி வேலைங்க"ன்னேன்.

டீச்சர் தலையை ஆட்டினாங்க, இல்லைன்னு. எந்திரிச்சு, நொண்டி நொண்டிப் போயி, பீரோவுக்கு மேல இருந்து ஒரு தாளை எடுத்துட்டு வந்தாங்க. அறுபத்தி மூணு பேரு, ஊரு, ஃபோன் நம்பரு. அம்பத்தி ரெண்டுக்கு டிக் அடிச்சிருக்குது. யாரு கையெழுத்துன்னு எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. நாலு வருசம் பாத்த கையெழுத்து.

மெஹர் வந்திருக்குதுங்க. எனக்கு முன்னால. டீச்சர் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த வாரமே வந்திருக்குது. அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வருதாம். அதுவும் அந்த வசந்தாமணியும் சேந்து ஒவ்வொருத்தருக்கா ஃபோன் பண்ணிச் சொல்றாங்களாம். ஃபோன் எடுக்காதவங்க பதினோரு பேரு. அதுல ஏழு பேரு டீச்சரோட பழைய மாணவருங்க வீடாம், வீட்டுக்காரர் வண்டியில உக்காந்து நேராப் போயிச் சொல்லப் போறாங்களாம். கொரலு இல்லாத மனுசி, எழுதிக் காட்டிச் சொல்லப் போகுது.

நான் வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன், "மெஹர் என்னங்க சொல்லுச்சு? என்னைப் பத்தி என்ன சொல்லுச்சு?"

"உங்களைப் பத்தியா? உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலைங்களே. உங்க பேரே இன்னைக்குத்தான் தெரியும்"னாரு. "அந்தப் பொண்ணு இவ கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. 'டீச்சர், நான் ஒருக்காச் சொன்னேன், ஒருக்கா எழுதினேன். மூணாவது தடவை சண்டை போட்டிருக்கணும். போடாம விட்டது என்ற தப்பு, மன்னிச்சுக்கங்க'ன்னு. இவளும் மன்னிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்தா."

கேட்டீங்களாண்ணா? கேட்டீங்களா கதையை?  பாதிக் காப்பியோட டம்ளரை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டேன். என்னத்துக்குங்க இதெல்லாம்? என்ற எடத்தை எடுத்துக்குச்சு, செரி. என்ற டீமை எடுத்துக்குச்சு, அதுவும் செரி. அந்த வீட்டுல போயி, அந்த மனுசி கையைப் புடிச்சு, மன்னிப்புக் கேக்க இது யாரு? அந்த வரியை ஒட்டினது இதா? நோட்டட்னு போட்டது இதா? ஒரு மனுசன் செஞ்ச தப்பை இன்னொருத்தி போயி எனக்கு எனக்குன்னு எடுத்துக்கறதா? என்ற தப்புங்க அது! என்ற தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேக்க இவ யாருங்க?

...

என்னங்ணா அப்படிப் பாக்கறீங்க?

இல்லீங்க. நான் சொல்ல வந்தது அதில்லீங்க. கோவத்துல வாய்... நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க.

பல்லடம் வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா? எறங்கறீங்களா? இருங்க, கூட்டம் எறங்கட்டும். கொஞ்சம் இருங்ணா. நான் இன்னும் முடிக்கலீங்க.